தேய்ந்த கீலும் அதே வண்டியும்

காரின் கதவுக் கீல் மூன்று உறுப்புகளால் ஆனது. கதவோடு சேர்ந்த தகடு ஒன்று, உடற்கூட்டின் தூணோடு சேர்ந்த தகடு ஒன்று, இரண்டின் துளைகளுக்குள்ளும் புகுந்து அவற்றைக் கோக்கும் இரும்புப் பின் ஒன்று. சில வண்டிகளில் துளைக்குள் வெண்கல உள்குழாயான புஷ் இருக்கும். சிலவற்றில் பின் நேராகத் தகட்டிலேயே சுழலும். திறக்கும்போதும் மூடும்போதும் உலோகம் உலோகத்தின் மேல் உரசுகிறது. உரசுவது தேய்கிறது. தேய்ந்ததைச் சரிசெய்யலாம், அல்லது கழற்றிவிட்டு வேறொன்றைப் போடலாம். ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைய வண்டியில் இந்தத் தேர்வு வெறும் பட்டறைக் கணக்காக நின்றுவிடுவதில்லை. பாகம் மாறினால் பொருள் மாறுமா, எதுவரை மாறினாலும் அது அதுவாகவே இருக்கும் என்ற கேள்வி உடனே எழுகிறது. கிரேக்கத்திலும் இந்தியாவிலும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக வாதிக்கப்படும் கேள்வி அது. இரு இடத்தாரும் எடுத்துக்காட்டாகப் பிடித்துக்கொண்டது வாகனத்தைத்தான்: அங்கே கப்பல், இங்கே தேர்.

கிரேக்கர் கதையை எழுதிவைத்தவர் புளூட்டார்க். தீசியஸ் ஏறி வந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பல நூற்றாண்டுகள் காத்துவந்தனர். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை பொருத்துவது அவர்கள் வழக்கம். அது அதே கப்பல்தான் என்று ஒரு சாராரும், இல்லை என்று மறு சாராரும் வாதிட்டதாக அவர் குறிப்பிடுகிறார். 1655-இல் தாமஸ் ஹாப்ஸ் இந்தச் சிக்கலை இன்னொரு முறுக்கு முறுக்கினார். கழற்றி எறிந்த பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து, பழைய வரிசையிலேயே அடுக்கி இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? பொருளே அடையாளம் என்பவர் பொறுக்கிக் கட்டியதைக் காட்டுவார். வடிவமும் தொடர்ச்சியுமே அடையாளம் என்பவர் துறையில் நிற்பதைக் காட்டுவார். இரண்டும் அதுவே என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் இதே கேள்வி மிலிந்தன் என்ற கிரேக்க அரசனின் வாயிலாகவே வந்தது ஒரு பொருத்தம். நாகசேனர் என்ற பௌத்தத் துறவியைக் காண அரசன் தேரில் வருகிறான். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று துறவி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே அரசன் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் சேர்ந்த குவியலா, அவற்றுக்கு அப்பால் ஒன்றா என்றாலும் இல்லை என்கிறான். இந்த உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்று அரசனே முடிவுக்கு வருகிறான். மனிதனும் அப்படியே என்கிறார் துறவி. அவருடைய அடுத்த எடுத்துக்காட்டு இரவு முழுதும் எரியும் விளக்கு. முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல. ஒன்றைப் பற்றி ஒன்றாகத் தொடர்வது.

நியாய வைசேடிகர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளில் தங்கியிருந்தாலும் உறுப்புகளின் வேறான முழுப்பொருள் ஒன்று உண்மையிலேயே உண்டு என்பது அவர்கள் நிலை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்து, எஞ்சிய நூல்களில் புதுத் துணி ஒன்று பிறக்கிறது என்று கண்டிப்பாகச் சொல்ல நேர்ந்தது. அதன்படி பார்த்தால், கீலின் பின்னைத் தட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கார் அழிகிறது. சமணர் நடுவே நின்றனர். பொருள் நிலைக்கிறது, அதன் நிலைகள் தோன்றி மறைகின்றன, மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை என்றனர். பொருள் கணந்தோறும் அழிகிறது என்னும் பௌத்தரின் கணபங்க வாதத்தை இந்த நிலையில் நின்று மறுக்கும் தமிழ் நூல் நீலகேசி. ஆகவே இந்த வழக்கு தமிழில் அன்றே நடந்து பழகியது.

இத்தனை வாதங்களிலும் ஒரு குறை உண்டு. பெரும்பாலும் எல்லா உறுப்புகளையும் ஒரே தரத்தில் வைத்தே அவை எண்ணுகின்றன. கப்பல் வாதத்தில் ஒரு பலகைக்கும் மறு பலகைக்கும் வேறுபாடில்லை. எத்தனை மாறின என்ற எண்ணிக்கை மட்டுமே உண்டு. கட்டுகிறவனுக்கும் பழுதுபார்க்கிறவனுக்கும் அப்படித் தோன்றுவதில்லை. ஏடுகளில் விடுபட்ட அந்த வேறுபாட்டைத் தேய்ந்த கீல் வெளிச்சமாகக் காட்டுகிறது.

மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார், இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த கௌலி தொழிற்சாலையில் 1948-இல் உருவாகத் தொடங்கியது. 1971-இல் உற்பத்தி நிற்பதற்குள் ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. இலங்கையில் ஒரு தலைமுறையே இதை ஓட்டிப் பழகியது. தனிச் சட்டம் இல்லாமல், உடற்கூடே பாரம் தாங்கும் அமைப்பு இதனுடையது. ஆகவே கதவைத் தாங்கும் முன்தூண் வெறும் நிலைக்கால் அன்று. வண்டியின் முதுகெலும்பில் ஒரு பகுதி. கதவு ஒவ்வொன்றும் இரண்டு கீல்களில் தொங்குகிறது. இரண்டு கதவு வண்டியில் கதவு நீளமானது, எடையும் கூடுதல், தேய்மானமும் அதற்கேற்ப.

தொங்கும் கதவு மேல் கீலை வெளிநோக்கி இழுக்கிறது, கீழ்க் கீலை உள்நோக்கி அழுத்துகிறது. மேல் கீலின் துளை அந்த இழுவைத் திசையில் முட்டை வடிவாகிறது. கீல்களுக்கு இடையே 40 செ.மீ., கதவின் நீளம் 1 மீட்டர் என்று கொண்டால், மேல் கீலில் அரை மில்லிமீட்டர் தளர்வு கதவின் கடைசி ஓரத்தில் 1.25 மி.மீ. இறக்கமாகத் தெரியும். கீழ்க் கீலின் தேய்வும், பின் புகும் கணுக்களின் முகத் தேய்வும் இதனுடன் சேரும். பூட்டு நாக்கு தன் இடத்தைத் தப்பி, எதிர்த் தூணில் அதை ஏற்கும் ஸ்ட்ரைக்கரின் மேல் ஏறி உரசும். ஓங்கிச் சாத்தினால்தான் மூடும். ஓங்கிச் சாத்தச் சாத்தக் கீல் இன்னும் தேயும். ஓட்டுநர் பக்கக் கதவு இதில் முதலில் விழும். வாடகை வண்டியாக ஓடியிருந்தால் நடைபாதைப் பக்கத்துப் பின்கதவும் அதற்குச் சளைத்ததாக இராது.

கீலைக் கழற்றுமுன் அது குற்றவாளிதானா என்று பார்ப்பது நேர்மையான பட்டறையின் முதல் வேலை. கதவைப் பாதி திறந்து, கடைசி ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்போது கீலின் கணுவில் அசைவு தெரிந்தால் பின் அல்லது துளை தேய்ந்திருக்கிறது. கணு அசையாமல் தகடு தூணை விட்டு அசைந்தால் திருகுகள் தளர்ந்திருக்கின்றன. தகடும் தூணும் சேர்ந்தே அசைந்தால் தூண் உள்ளே துருவேறி இற்றிருக்கிறது. இவை எதுவும் இன்றிக் கதவு இறங்கியிருந்தால், மோரிஸ் மைனரில் கீழ்ப்பெட்டிச் சட்டங்கள் அரித்து உடற்கூடே நடுவில் தொய்ந்திருக்கக்கூடும். அந்த நிலையில் புதுக் கீல் போடுவது நோய் ஓரிடம், மருந்து ஓரிடம் என்ற கதை. ஒரே அறிகுறிக்கு நான்கு காரணங்கள். அவற்றில் ஒன்றுக்குப் பத்து நிமிட வேலை போதும். ஒன்று வண்டி வாழுமா என்பதையே தீர்மானிக்கும்.

பாகங்கள் சமமல்ல என்பது இங்கே தெளிவாகிறது. புஷ் தேய்வதற்காகவே வைக்கப்பட்டது. வெண்கலம் எஃகை விட மென்மையானது. பின்னும் தகடும் பிழைக்கும்படி தான் தேய்ந்து போவதுதான் அதன் பணி. அது போனதும் அடுத்தது வர வேண்டும் என்பது முதல் நாளே வரைபடத்தில் எழுதப்பட்ட செய்தி. ஆகவே புஷ்ஷை மாற்றுவது வண்டியின் அடையாளத்திலிருந்து எதையும் எடுப்பதில்லை. அந்த வண்டி எப்படி வாழ வேண்டும் என்று கருதி உருவாக்கப்பட்டதோ அப்படியே அது வாழ்கிறது. பின் அடுத்த படி. கழற்றிப் பொருத்தும் வகையில் அமைந்தது என்பதால் அதையும் மாற்றலாம். தகடு அப்படிப்பட்டதன்று, வண்டியின் ஆயுள் முழுதும் இருக்கட்டும் என்று வார்த்து வைத்தது. தூணோ வண்டியே. பொருளை ஆக்கியவன் எது போகலாம், எது நிற்க வேண்டும் என்று பொருளிலேயே எழுதி வைத்திருக்கிறான். எத்தனை பலகை மாறின என்று எண்ணுவதை விட, எந்தப் படியில் உள்ள பாகம் மாறியது என்று கேட்பதே சரியான கேள்வி.

இந்த வரிசைமுறை கோயில் மரபில் வெகு காலமாக உண்டு. பழுதான திருவுருவங்களைப் பற்றிப் பேசும் சிற்ப, ஆகம நூல்கள், சிறு உறுப்பு சிதைந்ததையும் பெரிய உறுப்பு உடைந்ததையும் ஒன்றாகக் கருதவில்லை. அணிகலன் போன்றவை சிதைந்தால் சரிசெய்து வழிபாட்டில் வைத்துக்கொள்ளலாம்; தலை போன்ற பேருறுப்பு போனால் புதியது செய்ய வேண்டும் என்பது அந்த நெறியின் போக்கு. திருப்பணி நடக்கும்போது மூர்த்தியின் ஆற்றலைக் கும்பத்து நீருக்கு மாற்றி, தற்காலிகச் சன்னதியான பாலாலயத்தில் வைத்து வழிபட்டு, பணி முடிந்து குடமுழுக்கில் திரும்பச் சேர்க்கிறார்கள். பூரி ஜகந்நாதர் கோயிலில் நவகளேபரம் நடக்கும்போது வேப்பமரத் திருமேனிகள் முழுவதுமே புதிதாகின்றன; அண்மையில் அது நடந்தது 2015-இல். பழைய மேனிக்குள் இருக்கும் பிரம்மப் பொருளைப் புது மேனிக்கு மாற்றுவதால் இறைவர் அவரே என்பது பக்தர்களின் உறுதி. மரம் மாறினாலும் வழிபாடு ஒரு நாளும் அறுபடுவதில்லை.

காருக்குள் அப்படி எடுத்து மாற்றும் பொருள் எதுவும் இல்லை. எண் பொறித்த பலகை அந்தப் பணியைச் செய்யும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. பலகையை நான்கு திருகில் கழற்றி வேறு கூட்டில் பூட்டலாம், எதுவும் தொடர்வதில்லை. தொடர்ச்சி இருக்கும் இடம் வேலையில்தான். ஆகவே வேலையைப் படிப்படியாகப் பார்ப்பது அவசியம்.

கதவை எடுக்குமுன் கீல் தகடுகளின் ஓரத்தைச் சுற்றித் தூணிலும் கதவிலும் கோடு கீறிக்கொள்ள வேண்டும். அந்தக் கோடு தொழிற்சாலையில் கதவைப் பொருத்தியவரின் முடிவுக்குச் சாட்சி. அழிந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. கதவின் அடியில் ஜாக்கி வைத்து, அதன் மேல் மரக்கட்டையும் துணியும் வைத்து எடையை ஏற்க வேண்டும். கதவு அதிகம் விரியாமல் தடுக்கும் பட்டையை முதலில் விடுவிக்க வேண்டும். துருப்பிடித்த திருகுகளுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு விடுவது, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதை விட மேல். அடி கொடுத்தால் சுழலும் இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர் இதற்கென்றே உள்ள கருவி. திருகின் தலை நசுங்கிவிட்டால் துளைத்தெடுக்க வேண்டிவரும். துளைப்பது சற்றுத் தவறினால் தூணிலுள்ள மரை போகும். பாகம் தேய்வால் மட்டுமன்றிப் பொறுமையின்மையாலும் போகும் என்பதைப் பழைய வண்டிகளைக் கையாளும் யாரும் அறிவர்.

கழற்றிய கீலை மேசையில் வைத்து, பின்னைத் தட்டி எடுத்தபிறகு தெரிவதுதான் உண்மையான தேர்வு. பின் மட்டும் தேய்ந்து துளை வட்டமாகவே இருந்தால், அதே அளவில் புதுப் பின் கடைந்து போட்டு முடித்துவிடலாம். துளையும் முட்டை வடிவாகியிருந்தால் இரண்டு வழிகள் உண்டு. 8 மி.மீ. பின் என்று கொள்வோம். ரீமர் கொண்டு துளையை 8.5-க்குச் சீராக்கி, அதற்கேற்ற தடித்த பின் போடலாம். அல்லது துளையை 10-க்குப் பெரிதாக்கி, வெண்கல புஷ் அழுத்தி, பழைய 8 மி.மீ. அளவையே மீட்கலாம். எந்த வழியானாலும் மேல் கணுவும் கீழ்க் கணுவும் ஒரே நேர்க்கோட்டில் ரீமர் ஓட வேண்டும். தனித்தனியே பிடித்தால் பின் கோணலாகி, புது வேலை பழையதை விடச் சீக்கிரம் தேயும்.

முதல் வழி குறைந்த உலோகத்தையே எடுக்கிறது. பழமையைப் பேணுவோர் பலர் அதனாலேயே அதை விரும்புகிறார்கள். இருந்தும் இரண்டாவதே மேலானது. தடித்த பின் போட்ட கீல் மீண்டும் தேயும்போது இன்னும் தடித்த பின் கேட்கும். ஒவ்வொரு முறையும் தகட்டின் சதை குறையும், ஒரு நாள் கணுவின் சுவர் தாங்காது. புஷ் போட்ட கீலில் இனிமேல் எப்போதும் புஷ் மட்டுமே போகும், தகடு தொடப்படாது. இன்று சற்று அதிகமாக எடுப்பது நாளை எதையும் எடுக்காமல் இருப்பதற்காக. எவ்வளவு பழைய உலோகம் மிஞ்சியது என்று எடை பார்ப்பவருக்கு இது இழப்பாகத் தெரியும். இன்னும் எத்தனை காலம் இந்தத் தகடு இந்த வண்டியில் இருக்கும் என்று கேட்பவருக்கு இதுவே காப்பு. முதலில் புஷ்ஷே இல்லாத கீலுக்குப் புஷ் போடுவது வடிவமைப்பை மாற்றுவதாகாதா என்ற தடை எழலாம். மாற்றம்தான். ஆனால் அது நிலையான பாகத்தின் சுமையை, போகலாம் என்ற படியில் உள்ள பாகத்துக்கு மாற்றுகிறது. முதல் வடிவமைப்பின் நோக்கத்தை அது மேலும் நிறைவேற்றவே செய்கிறது.

தேய்ந்த துளையை வெல்டிங்கால் நிரப்பித் திரும்பத் துளையிடுவதும் உண்டு. வார்ப்புக் கீலில் இது ஆபத்து. வெப்பத்தில் வார்ப்பிரும்பு விரிசல் விடும். விரிசல் உடனே தெரியாது, ஓடும் வண்டியில் தெரியும். வேறு வழியே இல்லாத, எங்குமே மாற்றுக் கிடைக்காத வண்டிக்கு மட்டும், அதில் கைதேர்ந்தவரிடம் மட்டும் கொடுக்கத்தக்க வேலை இது.

தகடே உடைந்திருந்தால், அல்லது கணு மெலிந்துவிட்டால், மாற்றுவதைத் தவிர வழியில்லை. இங்கே மூன்று மூலங்கள் உண்டு: அதே வகைப் பழைய வண்டியிலிருந்து கழற்றிய கீல், இன்று புதிதாகச் செய்த கீல், பட்டறையிலேயே அந்த அளவுக்கு உருவாக்கிய கீல். அவற்றில் முதலாவது மற்ற இரண்டையும் விட உண்மையானது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அதை ஏற்பதற்கில்லை. வேறொரு மோரிஸ் மைனரிலிருந்து வந்த கீல், இந்த வண்டிக்கு அந்நியம்தான். அது மற்றொரு வண்டியின் வரலாற்றில் தேய்ந்தது. அதே தொழிற்சாலை, அதே வார்ப்பு என்பது இனத்தின் ஒருமை. இந்த வண்டி என்ற தனிப்பொருளின் ஒருமை அன்று. ஹாப்ஸின் கேள்வியில் பலரும் வழுக்கி விழும் இடம் இதுவே. இன்று செய்த கீலுக்கு உள்ள குறைகள் வேறு: தகட்டின் தடிப்பு சில வேளை குறைவு, துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகியிருக்கும். வாங்கியவுடன் பழையதன் மேல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் பெயின்ட் அடிக்கக் கூடாது.

மோரிஸ் மைனருக்குப் புதுப் பாகங்கள் கிடைப்பதன் பின்னே ஒரு கொள்கை உண்டு. சார்லஸ் வேர் என்பவர் இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனருக்கென்றே ஒரு மையம் நடத்தினார். காரைச் சில ஆண்டுகளில் கழித்துவிடும் பொருளாகக் கருதாமல், வீட்டைப் போலத் தொடர்ந்து பராமரித்து ஆயுள் முழுதும் வைத்திருக்கும் சொத்தாகக் கருத வேண்டும் என்று 1980-களில் புத்தகமே எழுதினார். வழக்கொழிந்த பாகங்களைச் செய்ய அவர் தேடிச் சென்ற நாடு இலங்கை. அங்கே இந்த வண்டி இன்னும் அன்றாடம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தகட்டு வளைவுகளைக் கையால் அறிந்த தொழிலாளர் இருந்தனர். அவர்கள் அடித்து வடித்த தகடுகள் இங்கிலாந்து வண்டிகளில் ஏறின. கௌலியில் பிறந்த கூட்டில் இலங்கைத் தகடு சேர்ந்ததால் அந்த வண்டிகள் மோரிஸ் மைனர் அல்லாமல் ஆகவில்லை. தொடர்ச்சியைக் காத்தது உலோகத்தின் பிறப்பிடம் அன்று, வேலையறிவு.

1694-இல் வந்த தன் நூலின் இரண்டாம் பதிப்பில் ஜான் லாக் இதற்கு நெருங்கிய ஒன்றைச் சொல்கிறார். மண் துகள்களின் குவியலில் ஒரு துகள் மாறினாலும் குவியல் வேறு. ஓக் மரம் அப்படியன்று. கன்றாக இருந்து மரமாகி, கிளை வெட்டுண்டாலும் ஒரே உயிர்ப்பில் உறுப்புகள் ஒழுங்குபட்டிருக்கும்வரை அதே மரம். எந்திரத்தையும் அவர் இதனுடன் ஒப்பிடுகிறார்: ஒரு நோக்கத்துக்கு ஏற்ப உறுப்புகள் ஒழுங்குற அமைந்த அமைப்பு. மரத்தின் இயக்கம் உள்ளிருந்து வருவது, எந்திரத்தின் இயக்கம் வெளியிலிருந்து வருவது என்பதே வேறுபாடு. இந்த வேறுபாடு சிறியதன்று. மரம் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்கிறது. வண்டிக்கு ஒருவர் செய்ய வேண்டும். ஆகவே வண்டியின் ஒருமை அதைப் பேணுகிறவரின் கையிலும் ஓரளவு இருக்கிறது.

நீதிமன்றம் ஒருமுறை இந்தக் கேள்விக்குத் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. பென்ட்லி நிறுவனத்தின் 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பந்தய வண்டி 1929-லும் 1930-லும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. 1932-இல் புரூக்லாண்ட்ஸ் களத்தில் விபத்துக்குள்ளாகி ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ இறந்தார். அதற்கு முன்னும் பின்னும் அதில் எஞ்சின், சட்டம், உடற்கூடு என்று எல்லாம் மாறின. 1990-இல் ஒரு கோடி பவுண்டுக்கு விற்பனை பேசிய பின், இது அந்த வண்டியே அல்ல என்று வாங்குபவர் மறுத்தார். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1929-இல் ஓடிய பாகங்கள் ஏறக்குறைய எதுவும் அதில் மிஞ்சியிருக்கவில்லை. நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தார். முதல் நாள் பாகங்களே உள்ளன என்று அதைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயருக்கு உரிமை கோரும் வேறு வண்டி எதுவும் இல்லை, ஒவ்வொரு மாற்றமும் அதே வண்டிக்கு நடந்த மாற்றம், வரலாறு எங்கும் அறுபடவில்லை என்பது அவர் கண்ட காரணம். நாகசேனரின் விளக்குச் சுடருக்குச் சட்டம் தந்த ஒப்புதல் என்று இதைக் கொள்ளலாம்.

பிரித்தானிய வாகனப் பதிவுத் துறை பல ஆண்டுகள் பின்பற்றிய புள்ளிமுறை இன்னும் நேரடியானது. பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க எட்டுப் புள்ளி வேண்டியிருந்தது. சட்டம் அல்லது உடற்கூட்டுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, எஞ்சினுக்கு 1. கதவுக்கும் கீலுக்கும் புள்ளி எதுவும் இருக்கவில்லை. எஞ்சினுக்கு மிகக் குறைந்த புள்ளி என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் எஞ்சின் தேயும், மாறும் என்று எதிர்பார்க்கப்பட்ட பாகம், உடற்கூடு அப்படியன்று. பாகங்களுக்குள் படிநிலை உண்டு என்பதை அரசு அலுவலகமும் ஏற்றுக்கொண்டிருந்தது.

தொடர்ச்சி மட்டும் போதுமா என்றால் போதாது. தொடர்ச்சி உண்மையாகச் சொல்லப்படவும் வேண்டும். கீல் தேய்ந்து கதவு இறங்கியபோது பலரும் செய்வது ஸ்ட்ரைக்கரைக் கீழே இறக்கிப் பொருத்துவது. கதவு மூடும், கீலின் தேய்வு மறையும், அடுத்தவர் தலையில் விடியும். கதவுக்கும் தூணுக்கும் இடையே கட்டையைச் செருகி அழுத்திக் கீலையே வளைப்பதும் இந்த வகை. இவை பழுதுபார்த்தல் அல்ல, பழுதை மறைத்தல். சரியான வரிசை இதற்கு நேரெதிரானது: ஸ்ட்ரைக்கரைக் கழற்றி வைத்துவிட்டு, கீறிய கோட்டில் கீல்களைப் பொருத்தி, சுற்றிலும் இடைவெளி சீராகும்வரை ஷிம் எனும் மெல்லிய தகட்டுத் துண்டு வைத்து நிறுத்தி, கதவு தன் எடையில் தானாக நிற்பதைக் கண்டபின், கடைசியாகத்தான் ஸ்ட்ரைக்கரைத் தொட வேண்டும். பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு துளி எண்ணெய். கீல் தேய்ந்ததன் காரணம் பெரும்பாலும் அந்தத் துளி விடப்படாமையே.

கட்டடங்களின் பாதுகாப்புக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்த்த பகுதி முழுமையோடு இயைந்தும், பழையதிலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பழைய வாகனங்களுக்கான டுரின் சாசனமும் அதே வழியில், புதிதாகச் செய்த பாகங்களில் நிலையான அடையாளம் இட வேண்டும் என்கிறது. கீலில் இதைச் செய்வது எளிது. தகட்டின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், ஆண்டை அச்சுக்கட்டையால் குத்திவிடலாம். கழற்றிய பழைய கீலைக் காயலான் கடைக்குப் போடாமல், எந்தக் கதவு, மேலா கீழா, எந்த ஆண்டு, ஏன் கழற்றியது என்று எழுதிய சீட்டோடு எடுத்து வைக்கலாம். ஒரு நாள் அதைச் சரிசெய்யும் முறை கிடைக்கலாம். கிடைக்காவிட்டாலும், இந்த வண்டியின் வரலாற்றில் அது ஒரு பக்கம். அந்தச் சீட்டு வண்டியோடு அடுத்த உரிமையாளருக்குச் செல்ல வேண்டும்.

ஹாப்ஸின் இரண்டாவது கப்பலுக்கு இன்றைய வடிவம் ஒன்று உண்டு. நொறுங்கிப்போன வண்டியின் எண்பலகையை மட்டும் எடுத்து, புதுக் கூட்டில் பூட்டி, பழைய வண்டி என்று விற்பது. அதோடு அதே வண்டியின் உடைந்த கூட்டை வேறொருவர் வாங்கிச் சரிசெய்தால், ஒரே எண்ணுக்கு இரண்டு வண்டிகள் உரிமை கோரும். இங்கே தத்துவம் குழம்பத் தேவையில்லை. கூட்டில் தூண்களும் தரையும் எந்த வேலைத் தொடர்ச்சியிலும் வராமல் ஒரே நாளில் முழுவதுமாக மாற்றப்பட்டிருந்தால், எண்பலகை எதைச் சொன்னாலும் அது வேறு வண்டி. அப்படியே சொல்லி விற்க வேண்டும். புஷ் மாறி, பின் மாறி, தகடு மாறி, தூணின் இற்ற பகுதி வெட்டி ஒட்டப்பட்டு, ஒவ்வொன்றும் எழுதி வைக்கப்பட்டு நாற்பது ஆண்டு ஓடிய வண்டி அதே வண்டிதான்.